மீன்தலைக் கறிக்கு எந்த ஒயின்?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலை உணவகங்களில் மீன்தலைக் கறி சட்டியோடு வந்து இறங்கும். 1949 வாக்கில் கேரளத்துக்காரர் எம்.ஜே. கோமஸ் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும், சிங்கப்பூருக்கே உரிய கறி. புளியும் மிளகாயும் ஊறிய அந்தக் கன்னச் சதைக்கு இத்தாலியில் ஜோடி தேடலாம்; ஊர் பார்த்துத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

இத்தாலியின் 20 வட்டாரங்களிலும் ஒயின் உண்டு. நிலத்தை வைத்து வாழ்வைப் பிரித்த நம் திணைக் கணக்கு அவர்களுக்குப் புதிதாக இருக்காது. பரோலோ, கியாந்தி என்று புட்டியில் இருப்பவை இடப்பெயர்களே. எந்த இடத்தில் எந்தத் திராட்சை என்பதை 1963இல் வந்த சட்டம் வரையறுக்கத் தொடங்கியது.

வடமேற்கே பியமோன்ட் குன்றுகளில் நெபியோலோ திராட்சை தாமதமாகப் பழுக்கும். அதிலிருந்து வரும் பரோலோ 38 மாதம் காத்திருந்துதான் கடைக்கு வரும். நிறம் வெளிர், துவர்ப்போ கடுங்காப்பி மாதிரி நாக்கைப் பிடிக்கும். காரத்தோடு அது சேராது, எரிச்சலைக் கூட்டிவிடும். அதே பியமோன்டின் மொஸ்காட்டோ தாஸ்தி வேறு ரகம்: சுமார் 5 சதவீத ஆல்கஹால், மெல்லிய குமிழ், பழ இனிப்பு. குளிரவைத்து ஒரு வாய் குடித்தால் மிளகாய் அடங்கும், புளி எடுப்பாகத் தெரியும். இனிப்பு வேண்டாதவர்களுக்கு சார்டீனியத் தீவின் வெர்மென்டினோ. அதில் லேசாக உப்புச் சாயல் உண்டு.

வாங்கிப்போக நினைப்பவர்கள் கவனிக்க: 2015 மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் இரவு 8 மணியோடு கடை விற்பனை முடிந்துவிடும்.