துவக்கின் வாயும் புறாவின் தூரமும்

வேட்டைத் துவக்கின் குழல், வாயை நெருங்கும் கடைசிச் சில சென்ரிமீற்றர்களில் சற்றே ஒடுங்குமாறு குடையப்படுவதுண்டு. 'சோக்' எனப்படும் அந்த ஒடுக்கமே தோட்டாவிலிருந்து கிளம்பும் ஈயச் சன்னங்கள் எவ்வளவு தூரம் திரண்டு சென்று பின் சிதறும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று பொருந்தும் அகலத்தையே 'பன்னிரண்டு போர்' என்கின்றனர், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றரான அந்த அகலத்தில், மிக இறுக்கமான முழுச் சோக் குறைப்பது ஒரு மில்லிமீற்றர் அளவே. நியூகாசிலைச் சேர்ந்த பேப் என்ற துவக்குச் செய்பவர் 1866 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மற்றொரு துவக்குச் செய்பவரான கிரீனர் 1870களில் இதைச் செம்மைப்படுத்தியதும், 1875 இல் இலண்டனில் நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளில் சோக் குழல்கள் வென்றதும் இம்முறையை உலகெங்கும் பரப்பின.

அளவிடும் முறை எளியது: ஏறத்தாழ 36.5 மீற்றர் தூரத்தில் 76 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நூற்றுக்கு எத்தனை சன்னங்கள் விழுகின்றன என்று எண்ணுகின்றனர். ஒடுக்கமே இல்லாத நேர்க்குழல் நாற்பதும், கால் சோக் ஐம்பத்தைந்தும், அரைச் சோக் அறுபதும், முழுச் சோக் எழுபதும் தருமெனக் கொள்ளப்படுகிறது. ஆறாம் இலக்கச் சன்னம் ஏறத்தாழ 270 கொண்ட 28 கிராம் தோட்டாவில் இது முறையே 108, 148, 162, 189 ஆகும். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் முழுச் சோக்கே சிறந்ததென்று முடிவுகட்டிவிடுகிறார். புறாச் சூடு பற்றிய பிழைகளுள் பெரியது இதுதான்.

காட்டுப் புறாவைப் பயிரழிக்கும் பறவையாகக் கருதிச் சுடும் வழக்கம் வேரூன்றிய பிரித்தானியாவில், வயலில் பொய்ப்புறாக்களை வைத்து மறைவிடத்திலிருந்து சுடுவோர் நேர்க்குழலுக்கு நெருங்கிய தளர்ந்த சோக்கையோ கால் சோக்கையோ விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. அவர்களிடம் பறவை பெரும்பாலும் இருபது முதல் முப்பது மீற்றருக்குள் வருகிறது. பதினெட்டு மீற்றர் அளவில் முழுச் சோக்கின் சன்னங்கள் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் அகலத்தில் மட்டுமே பரவ, நேர்க்குழலின் சன்னங்கள் அதன் இருமடங்கு அகலத்தில் பரவுகின்றன. அகலம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால், குறி சற்றுப் பிசகினாலும் பறவை சன்னத் திரளுக்குள்ளேயே அகப்படுகிறது. முழுச் சோக்கிலோ, பிசகினால் முற்றும் தவறுகிறது, பிசகாவிட்டால் இறைச்சி சிதைகிறது, ஓரம் பட்டால் காயத்துடன் பறந்து எங்கோ புதருக்குள் விழுந்து மெல்லச் சாகிறது. வாய் ஒடுங்கினால் சன்னம் வேகமாகப் போகும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. சோக் சன்னங்களைத் திரட்டிவைக்கிறதேயன்றி அவற்றின் வலுவைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை. ஆயினும் உறங்குமிடம் நாடி மாலையில் உயரப் பறக்கும் புறாக்களுக்குத் தளர்ந்த வாய் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கு அரைச் சோக்குக்கு இடமுண்டு, தூரத்தைச் சரியாக மதிக்கத் தெரிந்த கைக்கு மட்டும்.

இந்த நெறியை வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கு உரிமம் பெற்ற துவக்கு பயிர்ப் பாதுகாப்புக்கானது, விளையாட்டுக்கானதன்று. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, பறவைகளைப் பாதுகாக்கிறது. விதைத்த உழுந்தையும் பயறையும் மணிப்புறா பொறுக்குவது உண்மையே எனினும், காட்டுப்பன்றியும் மயிலும் செய்யும் அழிவோடு ஒப்பிட அது சிறிது. ஆல், அரசம் பழம் தின்னும் பச்சைப் புறாவுக்கோ பயிரழிவில் பங்கே இல்லை. எனவே புறாவுக்கென்று ஒரு சோக்கைத் தேர்வதைவிட, இரவில் பன்றிக்கும் பகலில் பறவை கலைக்கவும் பயன்படும் ஒரே குழலுக்கு எது தீங்கு குறைந்தது என்று கேட்பதே பொருந்தும். பன்றிக்கான பருஞ்சன்னம் இறுக்கமான வாயில் ஒன்றோடொன்று நெருக்குண்டு தாறுமாறாகச் சிதறக்கூடும். குழலுக்குப் பொருந்தாத தனிக்குண்டை முழுச் சோக் வழியே செலுத்துவது குழலையே பிளக்கலாம். இரண்டு நோக்கிலும் கால் சோக்கே தகுந்தது. (ஏந்த ஆளில்லாமல் காட்டுப்பாதையில் கட்டப்படும் கட்டுத்துவக்கு இந்த ஆராய்ச்சிக்குள் வராது, அது எவ்வடிவிலும் குற்றமே.)

சோக் எதுவாயினும் தீராத குறையொன்று உண்டு. வயலிலும் குளக்கரையிலும் விழும் ஈயச் சன்னங்களை, அரைவைக்கான கல்லென்று கருதி நீர்ப்பறவைகளும் நிலத்தில் இரைதேடும் பறவைகளும் விழுங்கி நஞ்சேறி இறக்கின்றன. ஈயத்துக்கு மாற்றாக வந்த உருக்குச் சன்னம் கடினமானது. ஈயத்துக்கெனக் குடைந்த பழைய முழுச் சோக் குழலில் அதைப் பயன்படுத்துவது ஆபத்து.

குழலில் பொறித்துள்ள குறியையும் முழுதாக நம்பலாகாது; ஒரே குழல் தோட்டாவுக்குத் தோட்டா வேறுவிதமாகச் சிதறுகிறது. ஆகவே உரிமம் வைத்திருப்போர், பெரும்போக விதைப்புக்கு முன், பாதுகாப்பான மண்மேட்டின் எதிரே அகன்ற தாளொன்றைக் கட்டி, தாம் வழமையாகச் சுடும் தூரங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கைந்து தோட்டாக்களையேனும் சுட்டு ஓட்டைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு புறா நுழையக்கூடிய வெற்றிடங்கள் எத்தூரத்தில் தாளில் தோன்றத் தொடங்குகின்றனவோ, அத்தூரத்துக்கு அப்பால் அந்தத் துவக்கால் பறவையைச் சுடலாகாது.