ஒரு பாசிமணிக்கு எவ்வளவு மூச்சு?

தூத்துக்குடி மாவட்டத்து ஏரலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் என் மேசை இருக்கிறது. அதன்மேல் பெருவிரல் தடிமனில் ஒரு பர்னர். ஒரு குழாயில் எல்பிஜி வருகிறது, இன்னொன்றில் ஆக்சிஜன். கண்ணாடிக் கம்பியைச் சுடரில் இளக்கி, களிமண் பூசிய எஃகுக் கம்பியில் சுற்றினால் பாசிமணி கிடைக்கும். வேலை அவ்வளவுதான். அந்த வேலை எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கிறது, அதில் எவ்வளவு தேவை, எவ்வளவு வீண் என்ற கேள்வி 2021 ஏப்ரலில்தான் எனக்கு உறைத்தது.

கொரோனா நோயாளிகளுக்கே ஆக்சிஜன் போதாததால், அந்த மாதம் 22ஆம் தேதி முதல் தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் தருவதை மத்திய அரசு நிறுத்தியது. ஒன்பது துறைகளுக்கு மட்டும் விலக்கு. ஊசிமருந்து அடைக்கும் கண்ணாடிக் குப்பிகள் செய்வோர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 27ஆம் தேதி, 2018இல் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் பதின்மூன்று பேரைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்த மாவட்டம் அந்த அனுமதியை எத்தனை கனத்த மனத்தோடு ஏற்றது என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். மூச்சுக்கு அத்தனை விலை இருந்த நாட்களில் என் பர்னர் அணைந்து கிடந்தது. குப்பிக்கு ஆக்சிஜன் உண்டு, பாசிமணிக்கு இல்லை என்ற தீர்ப்பு நியாயமானது. ஆனால் தட்டுப்பாடு இல்லாத நாளிலும் அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டாமா? சிக்கனத்துக்கு என்று இந்தத் தொழிலில் சொல்லப்படும் வழிகள் மூன்று. ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் அளவு. நம் ஊர்களில் ‘டி டைப்’ என்று சொல்லும் பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். எடை சுமார் 9 கிலோ. ஒரு லிட்டர் புரொப்பேன் முழுதாக எரிய 5 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும்; பியூட்டேனுக்கு ஆறரை லிட்டர். எடையில் சொன்னால் ஒரு கிலோ எல்பிஜிக்கு ஏறத்தாழ 3.6 கிலோ. அப்படியானால் 19 கிலோ வணிக எல்பிஜி சிலிண்டர் ஒன்றை முழுக்க ஆக்சிஜனிலேயே எரிக்க ஏழு பெரிய சிலிண்டர்களுக்கும் மேல் தேவை. சுடரின் வெளிப்புறம் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொள்வதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் இந்த மேசையில் காசைக் கரைப்பது எல்பிஜி அல்ல, ஆக்சிஜன் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

இதைப் பார்த்ததும் எவருக்கும் தோன்றும் முதல் வழி, ஆக்சிஜன் திருகை இறுக்குவது. அனுபவம் உள்ளவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தவறு என்பதை என் மேசையிலேயே பார்த்தேன். செம்பு கலந்த பச்சைநீலக் கண்ணாடியில் மணி சுற்றிக்கொண்டிருந்தேன். ஆக்சிஜனைக் குறைத்ததும் சுடரின் நுனி மஞ்சளானது. பர்னர் வாயில் தெளிவாக நின்ற நீலக் கூம்புகள் நீண்டு மங்கின. இரண்டு மூன்று சுற்றுக்குள் மணியின் மேல் ஈரல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்தது. பசித்த சுடர் கண்ணாடியில் இருந்தே ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. உள்ளிருக்கும் செம்பு வெளியே தலைகாட்டுகிறது. அந்த மணியைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்ய வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகவே மறு மணிக்குச் செலவானது. நிறம் கெடாத தெளிந்த கண்ணாடியிலும் கதை இதுதான்: சூடு குறைந்தால் நேரம் நீளும், நேரம் நீண்டால் செலவு கூடும். மறுபக்கம் மிகையும் தவறுதான். சுடர் சீறிக் கத்தினால், எரிய எதுவும் இல்லாமல் ஆக்சிஜன் வெளியே போகிறது என்று பொருள். மஞ்சள் மறைந்து, கூம்புகள் கூர்மையாகி, சீறல் தொடங்காத இடம்தான் சரியான இடம். அங்கே வைத்தபின் திருகைத் தொட வேண்டியதில்லை. ஆக, திருகு சிக்கனம் செய்யும் இடம் அல்ல. முதல் வழி தள்ளுபடி.

இரண்டாவது வழி நேர் எதிரானது. ஆக்சிஜனே வேண்டாம், காற்றே போதும் என்பது. இதை எளிதில் ஒதுக்க முடியாது, ஏனென்றால் வரலாறு அதன் பக்கம் நிற்கிறது. முத்துக்கரையில் இருந்துகொண்டு சொல்கிறேன்: 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் போலி முத்து செய்தவர்கள், விளக்குச் சுடரில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஊதி, அதனுள் மீன் செதிலின் பளபளப்பைப் பூசினார்கள். ஆக்சிஜன் என்ற வாயு கண்டறியப்படுவதற்கே அப்போது நூறாண்டு பாக்கி இருந்தது. அவர்களிடம் இருந்தது எண்ணெய் விளக்கும் ஊதும் காற்றும். நம் ஆசாரிமார் வாயில் ஊதுகுழலை வைத்து, 1,064 டிகிரியில் உருகும் தங்கத்தில் பொடி வைத்துப் பற்றவைத்ததும் அதே காற்றால்தான்.

ஆனால் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதி நான்கு பங்கு நைட்ரஜன் எரிவதில்லை. சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் புரொப்பேன் காற்றில் எரிந்தால் சுடர் 2,000 டிகிரிக்குக் கீழேயும், தூய ஆக்சிஜனில் 2,800 அளவிலும் இருக்கிறது. சோடா கண்ணாடி 700 டிகிரி வாக்கிலேயே இளகும், ஆயிரத்தில் தேனாகும். சின்ன மணிக்குக் காற்றுச் சுடர் போதும், மெதுவாக. போரோசிலிகேட் கண்ணாடி இளகவே 820 டிகிரி. விருப்பம்போல் வளைக்க 1,250. சென்னை ஐஐடியிலும் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்திலும் உள்ள கண்ணாடி ஊதும் பிரிவுகளின் வேலை பெரிதும் இந்தக் கண்ணாடியில்தான். இரண்டு குழாய்களை ஒட்டவைக்கும் அந்த மேசைகளில் காற்றுச் சுடரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது சிக்கனம் ஆகாது. எனவே இரண்டாவது வழி பாதி சரி: கற்றுக்கொள்பவருக்கும் சோடா மணிக்கும் ஏற்றது, மற்றதற்கு ஆகாது.

மூன்றாவது வழி, சிலிண்டருக்குப் பதில் ஆக்சிஜன் செறிவூட்டி. கொரோனாவுக்கு முன் பலர் கேள்விப்படாத சொல். 2021இல் வீட்டுக்கு வீடு தெரிந்த இயந்திரம். சியோலைட் என்ற கனிமத் துகள்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ள, 93 விழுக்காடு அளவில் ஆக்சிஜன் வெளியே வருகிறது. மீதியில் பெரும்பங்கு ஆர்கான். சுடருக்கு இந்தச் சிறு குறை பெரிய நட்டம் அல்ல. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் இயந்திரம் 350 வாட் எடுக்கிறது என்று வைத்தால், ஒரு பெரிய சிலிண்டரின் 7,000 லிட்டரைத் தர 23 மணி நேரம் ஓடும். செலவு சுமார் 8 யூனிட். தூத்துக்குடிக்குப் போய்ச் சிலிண்டர் மாற்றி வரும் வண்டி வாடகையை நினைத்தால் இது மலிவோ மலிவு.

மலிவு மட்டும் பார்த்தால் இங்கேயே தீர்ப்பு சொல்லிவிடலாம். எதிர்த் தட்டில் வைக்க வேண்டியவை நான்கு. ஒன்று, சொன்ன அளவுக்கு மேல் இழுத்தால் இயந்திரம் அதிகம் தருவதில்லை. தூய்மையைக் குறைத்து நைட்ரஜனைக் கலந்து தரும், சுடர் தளர்ந்துபோகும். இரண்டு, வெளிவரும் அழுத்தம் சைக்கிள் டயரில் இருப்பதைவிடவும் குறைவு. வாயுக்கள் பர்னர் வாய்க்கு வெளியே வந்து கலக்கும் சிறிய பர்னருக்கு அது போதும், பெரியதற்குப் போதாது. மூன்று, ஈரம் சியோலைட்டுக்குப் பகை. கடல்காற்று வீசும் நம் கரையில் இந்த இயந்திரத்தின் ஆயுள் உட்புற ஊர்களைவிடக் குறையவே செய்யும். இரண்டாம் கையாக வாங்குபவர்கள் தூய்மைமானி வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. நான்கு, மின்சாரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்து, ஊர் நாட்கணக்கில் துண்டுபட்டுக் கிடந்ததே, அப்போது கரண்டை நம்பிய எதுவும் ஓடவில்லை. சூடான குழாயை ஒட்டும் நேரத்தில் மின்சாரம் போனால், அரைகுறையாக ஆறிய கண்ணாடி கையிலேயே வெடிக்கும்.

மூன்றையும் நிறுத்துப் பார்த்தபின் ஒன்று தெளிவாகிறது. எங்கிருந்து ஆக்சிஜன் வருகிறது என்று மட்டுமே எல்லோரும் கேட்கிறோம். சுடர் எதற்காக எரிந்துகொண்டிருக்கிறது என்று கேட்பதில்லை. நிமிடத்துக்கு 5 லிட்டர் எடுக்கும் பர்னர், ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் சும்மா எரிந்தால் 100 லிட்டர் போயிற்று. நாளுக்கு ஆறு மணி நேரம் வேலை என்றால் 12 நாளில் ஒரு முழுச் சிலிண்டர். நிறம் தேடும்போதும், கம்பி எடுக்கும்போதும், போனில் பேசும்போதும் சுடர் எரிகிறது.

நம் கரையின் முத்துக்குளிப்பவர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. குளிப்பவர் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவார். கீழே போவதற்குக் கையைக் காலை அடித்து மூச்சைச் செலவிடக் கூடாது. அந்த வேலையைக் கல் செய்யும். அடக்கிய மூச்சு முழுவதும் சிப்பி பொறுக்குவதற்கு. கண்ணாடி மேசைக்கும் அந்தக் கல் வேண்டும். கம்பியையும் குழாயையும் முன்கூட்டியே சிறு மின்சூளையில் சூடாக்கி வைப்பது ஒரு கல். செய்து முடித்த மணியைச் சுடரில் பிடித்தே ஆறவைக்காமல், சோடா கண்ணாடியானால் 500 டிகிரிக்குச் சற்று மேலே, போரோசிலிகேட் ஆனால் 560 அளவில் சூளையில் வைத்து ஆறவிடுவது இன்னொரு கல். பொருளின் அகலத்துக்கு மேல் சுடரை விரிக்காமல் இருப்பது, கை எடுத்ததும் வாயுவைத் தணிக்கும் கால்மிதி வைப்பது, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பது ஆகியவையும் அதே வகை. ஆக்சிஜன் இணைப்பில் மட்டும் எண்ணெயோ கிரீசோ படவே கூடாது; அது சிக்கனம் பற்றிய பேச்சல்ல, உயிர் பற்றியது.

என் தீர்ப்பு இது. சோடா கண்ணாடியில் சிறு மணி செய்பவருக்கு ஒரு சின்ன பர்னரும் 5 லிட்டர் செறிவூட்டியும் போதும். மின்சாரம் போகும் நேரத்துக்கு ஒரு சிறு சிலிண்டர் துணைக்கு நிற்கட்டும். போரோசிலிகேட் குழாய் வேலை செய்பவர் சிலிண்டரை விடக் கூடாது. கற்றுக்கொள்பவர் முதல் சில மாதம் காற்றுச் சுடரிலேயே கை பழகட்டும். ஆனால் இந்த மூவரும் முதலில் வாங்க வேண்டியது சூளை, அடுத்து கால்மிதி, ஆக்சிஜனுக்கான கருவி அதற்குப் பிறகுதான். நோயாளிக்கென்று வந்த சிலிண்டரையோ, நோயாளிக்குப் பயன்படும் நிலையில் உள்ள செறிவூட்டியையோ எந்த நாளும் இந்த மேசைக்குக் கொண்டுவரக் கூடாது.

இப்போது நான் பர்னரைப் பற்றவைக்கும் முன் அன்றைக்கு வேண்டிய கம்பிகளை நிற வரிசையில் அடுக்கிவிடுகிறேன். சூளை சூடேறும்வரை பொறுக்கிறேன். பிறகே ஆக்சிஜன் திருகைத் திறக்கிறேன். திறந்தபின் அதை மிச்சம் பிடிக்க நினைப்பதில்லை; கூம்புகள் கூர்மையாக நிற்கும்வரை தாராளமாகவே கொடுக்கிறேன்.