பேய்க் கூட்டத்தில் ஒரு குருவானவர்

சிறுவர் கதை திரைப்படமாகும்போது அதிலுள்ள விகாரங்களை நீக்கிவிட வேண்டுமென்று நம்மில் பலர் கருதுகின்றனர். பேயும் பெருந்தீனிக்காரனும் பிஞ்சு உள்ளங்களைக் கெடுத்துவிடும் என்பது அவர்தம் அச்சம். சத்யஜித் ரே 1969-இல் அளித்த 'கூப்பி கைன் பாகா பைன்' என்னும் வங்கப் படத்தை நாம் மீண்டும் கண்டபோது, அந்த அச்சத்திற்கு அடியில் வேறோர் அச்சம் மறைந்திருப்பதாகவே தோன்றியது.

ரேயின் பாட்டனார் உபேந்திரகிஷோர், 'சந்தேஷ்' இதழில் 1915-இல் எழுதிய கதை இது. பாடத் தெரியாத கூப்பியும் மேளம் கொட்டத் தெரியாத பாகாவும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுக் காட்டில் பேய்களைச் சந்திக்கின்றனர். மூலக்கதை பேய்களின் ஆட்டத்தைச் சில சொற்களில் முடித்துவிடுகிறது. ரே அதனை ஏறத்தாழ ஆறரை நிமிடக் காட்சியாக விரித்தார். அரசர், குடியானவர், வெள்ளையர், தொந்தி பெருத்தோர் எனப் பேய்களிலும் நான்கு சாதி! நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றுண்டு: அந்த ஆட்டத்திற்கு இசை, நம் கருநாடக இசையின் தாளக் கருவிகளே. அரசருக்கு மிருதங்கம், குடியானவருக்குக் கஞ்சிரா, வெள்ளையருக்குக் கடம், தொந்தியருக்கு மோர்சிங். மோர்சிங்கின் அந்தத் துள்ளலைக் கேட்டாலே சிரிப்பு வருகிறது.

அந்தத் தொந்திக் கூட்டத்தில் வணிகரோடும் பண்டிதரோடும் பாதிரியாரும் ஆடுகிறார். இதனைச் சமய நிந்தனை என்பாருமுண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தில், கட்டியங்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறிக்கொண்டே அவனை எள்ளி நகையாடுவதில்லையா? பஞ்சம் மிகுந்த நாட்டில் நிறைந்த வயிறு யாருடையது என்று குழந்தை கேட்டால், அங்கி அணிந்தோர் மட்டும் அந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ரே குடியானவரையும் விட்டுவைக்கவில்லை. நான்கு கூட்டங்களும் தமக்குள்ளேயே அடித்துக்கொண்டு மடிகின்றன. ஏழையைப் புனிதனாக்கிக் காட்டும் எளிய வழியை அவர் நாடவில்லை.

படத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. ஹல்லா நாட்டு வீரர்கள் பசியால் நலிந்திருக்க, அமைச்சரோ ஓயாமல் உண்கிறார். போர் தொடங்கும் வேளையில் வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. படை ஆயுதங்களை எறிந்துவிட்டு ஓடுகிறது. அருமையான காட்சிதான். ஆயினும் மறுநாள் அவர்களுக்குச் சோறிடுவது யார்? யோவான் நற்செய்தியில் அப்பம் உண்ட மக்கள் மறுநாளும் தேடி வருகின்றனர். இங்கோ நாயகர் இருவரும் இளவரசியரை மணக்கின்றனர். வீரர்களின் பசி திரையிலிருந்து மறைந்துபோகிறது.

இக்கேள்வியை ரேயே உணர்ந்திருந்தார் போலும். அதே நாயகர்களைக் கொண்டு அவர் 1980-இல் எடுத்த 'ஹீரக் ராஜார் தேஷே' படத்தில் மந்திரம் மட்டும் போதுமானதாக இல்லை. வைரச் சுரங்க அரசன் பள்ளியை மூடுகிறான். விருந்தினர் கண்ணில் படாதவாறு ஏழைகளை அப்புறப்படுத்துகிறான். முரண்படுவோரின் மூளையைக் கழுவ இயந்திரம் வைத்திருக்கிறான். 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலையைப் பலர் இதில் கண்டனர். இம்முறை எதிர்த்து நிற்பவர் உதயன் என்னும் பள்ளி ஆசிரியர். ஏனையோர் எதுகையோடு பேச, அவர் ஒருவரே உரைநடையில் பேசுகிறார். இறுதியில் அரசனின் சிலையில் கயிறு கட்டி மக்கள் இழுக்க, மூளை கழுவப்பட்ட அரசனும் ஓடிவந்து அக்கயிற்றைப் பற்றி இழுக்கிறான்.