தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகம்: மூலமும் உரையும்

ஓர் ஊரின் வரலாற்றை விளக்கும் அருங்காட்சியகம் பழைய கட்டடம் ஒன்றனுள் அமையுமாயின், ஆண்டு ஆராய்தற்குரியன இரண்டு. ஒன்று, உள்ளே வைக்கப்பெற்ற பொருள்கள். மற்றொன்று, அவற்றைத் தாங்கி நிற்கும் கட்டடம். இவற்றுள் கட்டடமே மூலம். பொருள்கள் அதற்கு வாய்த்த உரை என்பது நம் கருத்து. மூலத்தை விடுத்து உரையை மட்டும் பயில்வார் நூற்பொருளைத் தவறவிடுவர். அதுபோலவே, கட்டடத்தை நோக்காது பேழைகளை மட்டும் காண்பார் ஊர் வரலாற்றைத் தவறவிடுவர். தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டையில் அமைந்த அருங்காட்சியகத்தைக் கொண்டு இக்கருத்தை ஆராய்வாம்.

மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில் நிற்கும் இக்கோட்டை, தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியர்க்கு அளித்த உரிமையின்படி 1620இல் எழத் தொடங்கியது. 1845இல் தரங்கம்பாடியும் சீராம்பூரும் 12,50,000 ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியார்க்கு விற்கப்பெற்றன. பின்னர்ப் பயணியர் விடுதியாகப் பயன்பட்டு வந்த கோட்டை, 1970களின் இறுதியில் தமிழக அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பில் வந்து அருங்காட்சியகம் ஆயிற்று.

சீனத் தேயிலைச் சாடிகள், பீங்கான், கண்ணாடிப் பொருள்கள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள், சுதை உருவங்கள், திமிங்கில எலும்பு ஆகியன இங்குக் காட்சிக்கு உள்ளன. வாணிகம், போர், கடல் என்னும் மூன்றனையும் இவை உணர்த்தும். ஆயினும், வாளும் சாடியும் எவ்வூர்க் காட்சிக்கூடத்திலும் இருத்தல் கூடும். அவற்றை இவ்வூர்க்கே உரியனவாக ஆக்குவது கட்டடத்தின் அமைப்பே. கீழ்த்தளத்தில் பண்டசாலையும் சிறையும் படைவீரர் உறைவிடமும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் குருமாரும் வாழ்ந்தனர். சரக்கும் கைதியும் கீழே, ஆணையும் வழிபாடும் மேலே என்னும் இவ்வைப்புமுறையே ஒரு வரலாற்று ஆவணம் எனலாம்.

இவ்வாவணத்தைப் படித்தற்குச் சீகன்பால்கின் வாழ்க்கை பெரிதும் துணை செய்யும். டேனிய மன்னரால் அனுப்பப்பெற்று 1706இல் இங்கு வந்திறங்கிய அவர், தாம் தொகுத்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஓர் அட்டவணை வகுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் அதனுள் இடம்பெற்றன. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் இக்கோட்டையில் சிறைவைக்கப்பெற்று, ஏறத்தாழ நான்கு திங்கள் அடைபட்டிருந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இவ்வூரில் அச்சேறியது. மன்னர் விடுத்த சமயத் தொண்டரை அந்நாட்டு வணிகக் கும்பினியின் கோட்டைத் தலைவரே சிறையிட்டார் என்பது நோக்கத்தக்கது. டேனியர் அனைவரும் ஒரே நோக்கினர் அல்லர். வாணிகமும் சமயமும் தம்முள் முரணின என்பது இதனால் பெறப்படும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். பிறநாட்டார்க்கு உரியதாய் இருந்த கோட்டையை மூலமாகக் கொள்ளின், ஊர் வரலாறு 1620இல் தொடங்குவதாகிவிடாதோ எனின், ஆகாது. டேனியர் இவ்விடத்தை ஏன் தேர்ந்தனர் என்னும் வினாவைக் கடல்நோக்கி நிற்கும் கோட்டையே எழுப்புகின்றது. விடை அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டில் உளது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் கல்வெட்டு, இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. பட்டினம் என்பது கடற்றுறை நகர்க்கு வழங்கும் பெயர் என்பது தமிழ் கற்றார் அறிந்ததே. எனவே, டேனியர் வருமுன்பே இது துறைமுகமாய் விளங்கியது எனக் கருதுதற்கு இடமுண்டு. 'அலைகள் பாடும் ஊர்' என இக்காலத்தார் கூறும் பெயர் விளக்கம் செவிக்கு இனியதே. எனினும், வாணியம்பாடி, காட்பாடி என்பவற்றிற் போலப் பாடி என்பது ஈண்டும் ஊரையே குறிக்கும், பாட்டைக் குறியாது. இனிய விளக்கம் பழைய துறைமுகத்தை மறைத்துவிடலாகாது.

இவ்வூர் பற்றிய எழுத்துச் சான்றுகளிற் சிறந்தன பல இவ்வூரில் இல்லை. இரகுநாத நாயக்கர் டேனிய மன்னர்க்குப் பொன்னேட்டில் வரைந்த தமிழ்த் திருமுகம் கோபன்கேகன் ஆவணக்காப்பகத்தில் உளது. சமயத் தொண்டர் வழிச் சென்ற தமிழ் ஓலைச் சுவடிகள் செருமனியின் ஆலே நகரில் உள்ளன. ஏடுகள் சென்றன, கட்டடம் நின்றது. ஆகவே, ஒவ்வோர் அறையிலும் அதன் பழைய பயன் இன்னது என எழுதி வைத்தலும், அயல்நாட்டிலுள்ள தமிழ் ஆவணங்களின் படிகளைத் தக்க குறிப்புரையுடன் அவ்வவ்வறையில் அமைத்தலும் வேண்டும். முன்னது தொல்லியலார் கடன்; பின்னது தமிழ்த் துறைகளின் கடன். அதனை நாம் பிறரிடம் விட்டிருத்தல் பொருந்தாது.

இப்பணிக்குக் காலம் நீள இல்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. பொன்னேடு பெட்டகத்துள் காவலில் இருக்கும். பேழைப் பொருள்களை வேறிடம் பெயர்க்கலாம். கட்டடத்தைப் பெயர்த்தல் இயலாது. உரை பல எழுதலாம். மூலம் அழியின் மீட்டும் பெறுதல் அரிது. மூலம் நிற்கும்போதே அதனைப் பிழையறப் படித்து வைத்தல் நம் கடனாம்.