குழாய்க்கு முன்னால் மண் நகர்ந்துவிடும்

சோளிங்கர்க்காரனுக்குக் கடலோடு என்ன வேலைன்னு கேட்பீர்கள். எங்க ஊரில் இருப்பது மலை. கொஞ்ச தூரம் போனால் பொன்னையாறு, அதுவும் தண்ணீர் வருகிற வருஷத்தில்தான். ஆனால் பிழைப்புக்குச் சென்னை வந்தபின் கடல்நீரையும் குடிக்கிறோம். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் தொடங்கிய நிலையங்கள் தலா நாளுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரக்கூடியவை. 2024-ல் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. இப்படிப்பட்ட நிலையங்களுக்குக் கடலுக்குள் நீளும் குழாய்கள்தான் உயிர்நாடி.

அந்தக் குழாய் நீரோட்டத்தில் நகராமல் எப்படிக் கிடக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் 'டிஎன்வி எஃப்109' ஆவணத்தைப் படித்தேன். கடலடிக் குழாய்களின் நிலைத்தன்மைக்கு உலகம் முழுக்கப் பொறியாளர்கள் கையில் எடுக்கும் வழிகாட்டி அது.

அடிப்படைக் கணக்கு எளிது. நீரோட்டமும் அலையும் குழாயைப் பக்கவாட்டில் தள்ளும். கூடவே மேலேயும் தூக்கும். எதிர்த்து நிற்பவை நீருக்குள் குழாயின் எடையும் மண்ணோடு உள்ள உராய்வும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நாலு மடங்கு. பாலிஎத்திலீன் குழாய்க்கு இன்னொரு சிக்கல்: அந்தப் பிளாஸ்டிக் கடல்நீரைவிட லேசு. உள்ளே தண்ணீர் நிரம்பியிருந்தாலும் மிதக்கத்தான் பார்க்கும். அதனால்தான் கான்கிரீட் எடைகளை மாட்டி உட்கார வைக்கிறார்கள்.

ஆவணத்துக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 'இம்மிகூட அசையக் கூடாது' என்பதோடு அது நிற்கவில்லை. புயலில் குழாய் தன் விட்டத்தில் பாதி நகரலாம், இடத்தைப் பொறுத்துப் பத்து மடங்கு வரைகூட நகரலாம் என்று வைத்துக் கணக்குப் போடவும் வழி தருகிறது. மண்ணில் புதைந்த பகுதி தரும் கூடுதல் பிடிப்பையும் சேர்த்துக்கொள்கிறது.

என் குறை வேறு. இந்தக் கணக்குகளின் மையத்தில் குழாய் நகரலாம், தரை நகராது. நான் கோடு எழுதிப் பிழைப்பவன். மாறுகிற ஒன்றை மாறிலி என்று அறிவித்துவிட்டால், புரோகிராம் ஓடும், விடையும் வரும். அந்த விடையைத்தான் நம்ப முடியாது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. குழாய்ப் பொறியியல் பேராசிரியர் ஆண்ட்ரூ பால்மர் 1996-லேயே சுட்டிக்காட்டியதுதான். குழாயைப் புரட்டும் அளவுக்கு நீர் வேகமெடுப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அடியில் உள்ள மணல் கிளம்பிவிடும். நுண்மணல் கிளம்ப விநாடிக்கு அரை மீட்டர் வேகம்கூட வேண்டாம். மெரினாவில் கால் நனைத்து நின்றவர்களுக்கு ஃபார்முலாவே தேவையில்லை. அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மண் கரையுமே, அதேதான். மெரினா இவ்வளவு அகலமானதே, வடக்கே போகிற மணலைத் துறைமுகம் தடுத்ததால்தான். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரத்து குறைந்து கரை அரித்தது. இப்படிப்பட்ட கடற்கரையில் தரையை மாறிலி என்று வைப்பது எப்படி?

மண் நகர்ந்தால் என்ன ஆகும்? இரண்டு விதமாகவும் ஆகலாம். அடிமண் அரித்துக் குழாய் மெல்லத் தாழ்ந்தால், தானே தோண்டிய பள்ளத்தில் பத்திரமாகப் படுத்துக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 'ஓ-டியூப்' என்ற பெரிய நீர்ச்சுற்றில் மணல் பரப்பி, செயற்கைப் புயலை ஓடவிட்டு இதைச் சோதித்தார்கள். அந்த மாதிரி இடத்தில் கூடுதல் கான்கிரீட் வீண்செலவு. மாறாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக மண் அரித்து, நடுவே குழாய் அந்தரத்தில் தொங்கினால், நீரோட்டம் அதை அதிரவைத்து நாளடைவில் உலோகத்தையே களைக்கவைக்கும். அங்கே எடையைக் கூட்டுவது மருந்தே இல்லை. ஒரே கணக்கு ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பயப்படுகிறது, இன்னோரிடத்தில் பயப்பட வேண்டியதைப் பார்க்காமல் விடுகிறது.

2021 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பின், திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு ரயில்களை ரத்து செய்தார்கள். அப்போது எங்க பக்கத்தில் எல்லோரும் பேசியது தூணின் எடையைப் பற்றி இல்லை, அடிமண்ணைப் பற்றி. கடலடிக் குழாய்க்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். எத்தனை டன் கான்கிரீட் போட்டோம் என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் தரை எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று அளந்து வைக்க வேண்டும். கணக்கில் இல்லாத மாறி அந்த அளவீட்டில்தான் கிடைக்கும்.