‘தனிச் சமாதானம்’: ஓர் இளையோர் புதினத்தின் உருவகமும் குறியீடும்

ஜான் நோல்ஸ் எழுதிய ‘எ செப்பரேட் பீஸ்’ என்னும் ஆங்கிலப் புதினம் 1959-இல் இலண்டனிலும் 1960-இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. களம் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கற்பனையான டெவன் பள்ளி. காலம் 1942-ஆம் ஆண்டுக் கோடையும் அதனை அடுத்த பருவங்களும். ஆற்றின்மேல் நீண்ட மரக்கிளையில் இரு நண்பர்கள் நிற்கின்றனர். ஜீன் கிளையை அசைக்கிறான். ஃபின்னி விழுந்து கால் நொறுங்குகிறான். அசைவு திட்டமிட்டதா, தானாக நேர்ந்ததா என்பதைக் கதைசொல்லியாகிய ஜீனே அறுதியிட்டுக் கூறுவதில்லை.

மரம் ஏதேன் தோட்டத்து மரம், ஆறு தூய்மை எனப் பட்டியலிடும் வகுப்பறை உரைகள் ஆங்கிலத்தில் மிகுதி. மொழிபெயர்ப்பாளரை வருத்துவன அவையல்ல. பொருளின்மேல் நிற்கும் குறியீடு எம்மொழிக்கும் பெயரும். சொல்லின்மேல் நிற்கும் உருவகம் அவ்வாறு பெயர்வதில்லை.

ஆறுகளைக் காண்போம். அணைக்கு மேலே டெவன் ஆறு தெளிந்த நன்னீர். கோடை விளையாட்டின் இடம். அணைக்குக் கீழே அது கலக்கும் நகுவாம்செட் உவர்நீர், சேறு, கடல் ஏற்றவற்றம். ஃபின்னி விழுந்தபின் நிகழும் ஒரு சண்டையில் ஜீன் இதனுள் வீழ்கிறான். இதனைக் ‘கழி’ எனப் பெயர்த்தால் நெய்தல் திணையின் இரங்கலும் உடன் வரும். அது இங்குப் பொருந்துவதே; ஆயினும் மூலத்தில் இல்லாத சாயல் என்பதை உணர்ந்தே கொள்ள வேண்டும்.

‘ஃபால்’ என்னும் சொல் கடினமானது. மரத்திலிருந்து விழுதல், ஆதாமின் வீழ்ச்சி, அமெரிக்க வழக்கில் இலையுதிர் பருவம் ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல்லே தாங்குகிறது. கிறித்தவத் தமிழில் ‘பாவத்தில் விழுதல்’ என்பது பயின்ற வழக்காதலின் முதலிரண்டும் ‘விழு’ என்பதனுள் அடங்கும்; பருவம் மட்டும் ‘உதிர்’ எனப் பிரிந்துவிடும். ஃபின்னி இருமுறை விழுகிறான்: முதலில் மரத்திலிருந்து, பின்னர்ப் பளிங்குப் படிகளில். ஈரிடத்தும் ஒரே வினையை ஆள்வது இன்றியமையாதது. நடையழகு கருதி ஒன்றை ‘சாய்ந்தான்’ என மாற்றினால் புதினத்தின் முதுகெலும்பே முறியும்.

தலைப்பு இன்னும் சிக்கலானது. ‘செப்பரேட் பீஸ்’ ஓர் அரசியல் கலைச்சொல். கூட்டாகப் போரிடும் நாடுகளுள் ஒன்று மட்டும் பகைவனோடு உடன்பட்டுக்கொள்வதை அது குறிக்கும். 1918-இல் பிரெஸ்ட்-லித்தோவ்ஸ்கில் இரஷ்யா செய்தது அத்தகையது. 1942 ஜனவரி 1-ஆம் நாள் 26 நாடுகள் வெளியிட்ட ஐக்கிய நாடுகள் அறிக்கை, எவரும் அவ்வாறு செய்வதில்லை என உறுதி கூறியது. அன்று பிரித்தானிய ஆட்சியிலிருந்த இந்தியாவும் அதில் ஒப்பமிட்டது. போரைவிட்டு அகலும் தனிமனிதனுக்கு இத்தொடரை 1920-களிலேயே ஹெமிங்வே ஆண்டிருந்தார். நோல்ஸ் அதனைப் பள்ளிச் சிறுவர்களின் குளிர்காலக் களியாட்டத்தின்மேல் ஏற்றுகிறார். ஆகவே தொடரில் மகிழ்ச்சியோடு உடன்படிக்கை மீறலின் நிழலும் உண்டு. கதை முழுதும் நண்பனுக்கு இழைத்த துரோகத்தைப் பற்றியதாதலின் இந்நிழலை இழப்பது சிறிய இழப்பன்று.

‘தனி அமைதி’ என்பது இதனைத் தாராது. ‘பகைவனோடு சமாதானம் செய்துகொண்டான்’ என்கிறோம். ‘அமைதி செய்துகொண்டான்’ என்பதில்லை. அமைதி ஒரு நிலை. சமாதானம் இருவர்க்கிடையே நிகழும் செயல். அது நாடுகளுக்கும் உரியது, சண்டையிட்ட சிறுவர்க்கும் உரியது. வடசொல் என விலக்குவோர் ‘உடன்படிக்கை’ எனலாம். அது பத்திரத்தை மட்டுமே நினைவூட்டும். மேலும், ‘சமாதானம் சொல்லுதல்’ என்றால் தமிழில் சாக்குக் கூறுதலும் ஆகும். பதினைந்து ஆண்டு கழித்து ஜீன் சொல்லும் கதை அதுவன்றி வேறென்ன? மூலத் தலைப்பில் இல்லாத இப்பொருளைத் தமிழ் தானாகவே அளிக்கிறது. ‘தனிச் சமாதானம்’ என்பதே தக்கது.

இறுதிப் பத்தி குறித்து எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியர் உள்ளுறை உவமத்தை ஏனை உவமத்தினின்று பிரித்தார். உள்ளுறை கேட்போர் உய்த்துணர்வதற்கு உரியது. நோல்ஸோ தம் உள்ளுறையைத் தாமே விரித்துவிடுகிறார்: ஃபின்னி ஒழிந்த ஒவ்வொருவரும் வாராத பகைவனுக்கு எதிராக மாஜினோ அரண் எழுப்பினர் என்று ஜீனைக் கூறவைக்கிறார். இளையோர்க்கு எழுதுகையில் தோன்றும் ஐயம் போலும். எனினும் மொழிபெயர்ப்பாளர் அதனைச் சுருக்கல் ஆகாது. ‘கோட்டை’ எனப் பொதுமைப்படுத்தலும் ஆகாது. பெரும்பொருட் செலவில் பிரான்சு கட்டிய அவ்வரணை 1940-இல் ஜெர்மானியப் படை சுற்றிச் சென்றது. ‘கோட்டை’ எனின் காப்பு மட்டுமே எஞ்சும், வீண்மை வெளிப்படாது.