யந்திர அபிமானமும் சரித்திர ஞானமும்

போர்ச் சரித்திரம் பேராசிரியர்களுக்கும் ஓய்வுபெற்ற தளபதிகளுக்கும் மட்டுமே உரிய தனிச்சொத்து அன்று என்பதை, இரண்டாம் உலக மகாயுத்தத்தின் விமானங்களையும் டாங்கிகளையும் துருவிலிருந்து மீட்டு ஓடச் செய்துவரும் மேல்நாட்டு ஆர்வலர்கள் ஐயமற நிலைநாட்டியிருக்கிறார்கள். ஊதியம் கருதாமல், விடுமுறை நாள்களையெல்லாம் கொட்டகைகளில் கழித்து, எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு அவர்கள் ஆற்றிவரும் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் அபிமானம் வேறு, ஞானம் வேறு. முன்னது எப்போது பின்னதாகப் பரிணமிக்கிறது, எப்போது அதற்கே இடையூறாகிறது என்பதே ஆராயத்தக்க விஷயம்.

பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் உயிர்நாடியான ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்ஜினை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் கொண்ட அந்த அற்புத யந்திரத்தில், 1940ஆம் ஆண்டில் ஒரு பெருங்குறை இருந்தது. எதிரியைத் துரத்தும் விமானி சட்டென்று மூக்கைத் தாழ்த்தினால், கார்புரேட்டரின் மிதவை அறையிலுள்ள பெட்ரோல் மேற்புறமாக எழும்பிவிட, என்ஜின் ஒரு கணம் விக்கும். அடுத்த கணமே அளவுக்கு மீறிப் பெட்ரோல் புகுந்து மூச்சடைத்துப்போகும். பெட்ரோலை நேரே பீச்சும் அமைப்புள்ள ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானம் அதற்குள் தப்பிவிடும். ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி, 1941இல், பெட்ரோல் வரும் குழாயில் அளவாகத் துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றைப் பொருத்தி அக்குறையைப் பெருமளவு தணித்தார். விமானிகளின் வீரத்தைப் பக்கம் பக்கமாக வருணிக்கும் நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும் இச்செய்தி, கார்புரேட்டரைத் தம் கையாலேயே கழற்றிப் பூட்டியவருக்குப் பிரத்தியட்ச அநுபவமாகிறது. ஏட்டுக் கல்வி தர முடியாத அறிவு இது.

யந்திரத்தைப் பற்றி மட்டுமன்றி நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஆர்வலர்கள் உண்மை தேடித் தந்ததுண்டு. இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்திலுள்ள 131ஆம் எண் ஜெர்மன் டைகர் டாங்கி, 1943 ஏப்ரல் 21 அன்று டுனீசியாவில் ஜெபல் ஜாஃபா என்னுமிடத்தில் கைப்பற்றப்பட்டதென்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அப்போரில் கலந்துகொண்ட சிப்பாய் ஒருவரின் மகன், தந்தை சொல்லிவந்த விவரத்தைப் பற்றிக்கொண்டு கேள்வி எழுப்பியதன் பயனாகத்தான், அது நிகழ்ந்தது 24ஆம் தேதி என்றும், இடம் குரியாத் எல் அதாச் என்றும் தெளிவாயிற்று. பட்டம் பெற்ற பண்டிதர்கள் கவனியாது விட்டதைப் பாசம் கண்டுபிடித்தது.

இனிக் குறைகளைப் பார்ப்போம். ஓடாத யந்திரம் செத்த யந்திரம் என்னும் எண்ணம் ஆர்வலர் நெஞ்சில் ஆழ வேரூன்றியிருக்கிறது; அதன் விபரீதத்துக்குக் 'கீ பேர்ட்' என்னும் அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானத்தின் கதியே சாட்சி. 1947 பிப்ரவரியில் வழி தவறிக் கிரீன்லாந்தின் உறைபனியில் இறங்கிய அவ்விமானத்தின் ஊழியர்கள் அனைவரும் மீட்கப்பட்டனர். விமானமோ பெரும் சேதமின்றி அங்கேயே கிடந்தது. அதைப் பறக்கச் செய்து மீட்டுவரச் சென்ற அமெரிக்கக் குழுவினர், கொடுங்குளிரில் அரும்பாடுபட்டு நான்கு என்ஜின்களையும் மாற்றினர்; நோயுற்ற ஒரு மெக்கானிக்கை அம்முயற்சியில் பறிகொடுத்தனர். 1995 மே மாதம், புறப்படும் தறுவாயில், துணை என்ஜினிலிருந்து கசிந்த பெட்ரோல் தீப்பற்ற, நாற்பத்தெட்டு ஆண்டுகள் பனி பாதுகாத்த பொருள் சில மணி நேரத்தில் எரிந்து நாசமாயிற்று. அவர்களுடைய தைரியத்தை யாரும் குறை கூற முடியாது. விட்டுவைக்கும் விவேகம் இல்லாமற் போனதே குறை.

இதைவிடப் பெரிய குறை, குதிரைசக்தியையும் குண்டின் எடையையும் மனப்பாடமாகச் சொல்பவர் அக்குண்டு எங்கே விழுந்தது, யாரைக் கொன்றது என்று கேளாமலிருப்பது. இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் தாக்குதலில் உயிரிழந்த தம் தமையனின் நினைவாகவே, லிங்கன்ஷயர் விவசாயிகளான பான்டன் சகோதரர்கள் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வாங்கிப் பராமரித்தனர். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவில் மாண்ட 55,573 பேரில் அத்தமையனும் ஒருவர். துக்கத்தில் பிறந்த அபிமானம் யந்திரத்தோடு நின்றுவிடுவதில்லை. ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டெனிலும் வெந்து மடிந்த மக்களையும் நினைக்க அது நம்மைக் கடமைப்படுத்துகிறது.

ஆகவே ஆர்வலரின் உழைப்பைச் சரித்திரத் தொண்டாக ஏற்பதற்கு ஓர் உரைகல் உண்டு; முன்னே கண்ட பாவிங்டன் டாங்கியே அதைக் காட்டும். அந்த டைகர் டாங்கி இன்று ஓடுவது அதன் சொந்த என்ஜினால் அன்று. அந்த என்ஜின் பாடத்துக்காக வெட்டித் திறக்கப்பட்டுவிட்டதால், மற்றொரு டாங்கியின் மேபாக் என்ஜினே உள்ளே இருக்கிறது. அருங்காட்சியகம் அதை மறைக்காமல் சொல்கிறது. எதை மாற்றினோம் என்று எழுதிவைப்பதும், மாற்றத் தகாததைத் தொடாமல் விடுவதும், யந்திரத்தோடு மனிதரையும் நினைப்பதும் எவரிடம் உண்டோ அவருடைய அபிமானமே ஞானமாகிறது. அத்தகையோர் பெருகினால் கல்விக்கூடங்கள் அவர்களிடம் பாடம் கேட்பதில் இழுக்கொன்றும் இல்லை.